மூன்று வாளி, ஒரு கிடங்கு: வலிகாமத்துப் பாடசாலை ஒன்றின் குப்பை பற்றிய நிகழ்வு ஆய்வு

எங்கள் பாடசாலையின் பின்மதிலோரம் ஒரு கிடங்கு இருந்தது. இடுப்பளவு ஆழம், விளிம்பெல்லாம் கரிபிடித்த சுண்ணாம்புக்கல். காலையில் கூட்டி முடிந்ததும் வகுப்பறைக் குப்பை, முற்றத்துச் சருகு, கன்ரீன் கழிவு எல்லாம் அதற்குள் போகும். வாரத்தில் இரண்டு நாள் நெருப்பு வைப்பார்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகுதான் வைக்க வேண்டும் என்பது ஒழுங்கு. ஆனால் மழை இருட்டினால் முன்னரே வைத்துவிடுவார்கள். தரம் 6 வகுப்பறை அந்தப் பக்கம்தான். புகை வந்தால் யன்னலைச் சாத்திவிட்டுப் பாடத்தைத் தொடருவோம். நானும் பல வருடம் அப்படித்தான் விஞ்ஞானம் படிப்பித்தேன்.

இது யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தில் உள்ள ஒரு கலவன் பாடசாலை. தரம் 6 முதல் உயர்தரம் வரை ஏறக்குறைய 600 பிள்ளைகள். பெயரைச் சொல்லவில்லை. நான் படிப்பித்த இடங்களில் இப்படியொரு கிடங்கு இல்லாத பாடசாலையைக் கண்டதில்லை. அந்தக் கிடங்கை மூடுவதற்கு 2024 இலும் 2025 இலும் நாங்கள் செய்தவற்றையும், அவற்றில் தவறிப்போனவற்றையும், இன்னும் தீராமல் கிடப்பதையும் எழுதுகிறேன். வேறொரு பாடசாலை இதைத் தொடங்கும்போது, நாங்கள் வீணாக்கிய மாதங்களை அவர்களும் வீணாக்கக்கூடாது.

கிடங்குக்கும் கிணற்றுக்கும் நடுவே

கிடங்குக்கும் பாடசாலைக் கிணற்றுக்கும் இடையே இருந்த தூரம் ஒரு கிரிக்கெட் பிச்சின் நீளத்தைவிடச் சற்றுக் கூட, அவ்வளவுதான். வேறு ஊரில் இது பெரிய விஷயமாக இல்லாமல் போகலாம். யாழ்ப்பாணத்தில் அப்படி இருக்க முடியாது.

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான் ஓடும். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி, கீழே உள்ள உப்புநீரின் மேல் ஒரு நன்னீர்ப் படையாக மிதக்கிறது. நாங்கள் அள்ளிக் குடிப்பது அந்தப் படையைத்தான். நிலாவரைக் கிணற்றைப் பார்க்கப் போன பிள்ளைகளுக்கு இது தெரியும்: மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. மணல் வடிகட்டுவதுபோல இந்தக் கல் வடிகட்டாது. மேலே எதை விட்டாலும் வெடிப்பு வழியே கெதியாகக் கீழே போய்விடும். தோட்டங்களுக்குப் போடும் இரசாயனப் பசளையாலும் மலசலகூடக் குழிகளாலும் எங்கள் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையை ஏற்கெனவே தாண்டிவிட்டது. சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது 2014, 2015 காலத்தில் வீதியில் இறங்கிப் போராடும் அளவுக்குப் போனதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மண்ணில்தான் நாங்கள் கிடங்கு வெட்டி, பிளாஸ்ரிக்கை எரித்து, சாம்பலை மாரி மழைக்கு விட்டுக்கொண்டிருந்தோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2017 ஏப்பிரல் 14 ஆம் திகதி கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே வருடம் செப்டெம்பர் 1 ஆம் திகதியிலிருந்து லஞ்ச் சீற் என்ற, சோறு கட்டும் மெல்லிய பிளாஸ்ரிக் தாள், ரெஜிபோம் உணவுப் பெட்டி, 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீன் எல்லாம் தடைக்குள் வந்தன. பிளாஸ்ரிக் கலந்த குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதும், விழாக்களுக்குப் பொலித்தீன் அலங்காரம் செய்வதும் அப்போதே தடுக்கப்பட்டன. 2023 ஒக்டோபர் 1 ஆம் திகதி உறிஞ்சுகுழாய், ஒருதடவை பாவிக்கும் கரண்டி, தட்டு, கோப்பை ஆகியவற்றுக்கும் தடை வந்தது. இவற்றில் பாதியை நான் வகுப்பில் படிப்பித்திருக்கிறேன். படிப்பித்துக்கொண்டிருந்தபோதே யன்னலுக்கு வெளியே புகை போய்க்கொண்டிருந்தது.

முதல் முயற்சி

2024 தொடக்கத்தில், சுற்றாடல் முன்னோடிக் குழுப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒவ்வொரு கட்டடத்துக்கும் மூன்று வாளி வைத்தோம். ஒன்று உக்குவதற்கு, ஒன்று கடதாசிக்கு, ஒன்று பிளாஸ்ரிக்குக்கு. பெயின்ற் அடித்து, படம் கீறி, காலைக் கூட்டத்தில் அறிமுகம் செய்து வைத்தோம். பழைய மாணவர் ஒருவர் செலவை ஏற்றுக்கொண்டார். பிள்ளைகள் நன்றாகவே பிரித்துப் போட்டார்கள். நாங்கள் பயந்த அளவுக்கு அதில் குழப்பம் வரவே இல்லை.

இரண்டாவது வாரம் பின்பக்கம் போனேன். எங்கள் துப்புரவுத் தொழிலாளி, நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுபவர், மூன்று வாளியையும் ஒன்றன்பின் ஒன்றாக அதே கிடங்குக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே கேட்டார்.

“சேர், மூண்டு வாளியும் தந்தனீங்கள் சரி. நான் எங்க கொண்டுபோய்க் கொட்டுறது? கிடங்கு ஒண்டுதானே இருக்கு?”

எனக்குப் பதில் இருக்கவில்லை. வாளிக்குப் பிறகு என்ன நடக்கும் என்று நாங்கள் ஒரு நாளும் அவரிடம் கேட்கவில்லை. பாடசாலையில் குப்பையைப் பற்றி அதிகம் தெரிந்தவர் அவர்தான். கூட்டத்துக்கு அழைக்கப்படாத ஒரே ஆளும் அவர்தான். பிள்ளைகள் பிரித்துப் போட்டதை மறுபடி ஒன்றாகக் கொட்டுவதைத் தரம் 8 பிள்ளை ஒன்று பார்த்துவிட்டால், அந்தப் பிள்ளைக்குப் பிறகு எவ்வளவு சொன்னாலும் ஏறாது. சிலர் பார்த்திருந்தார்கள்.

படங்கில் கொட்டிப் பார்த்த நாள்

அடுத்து நாங்கள் செய்தது செலவில்லாத வேலை. ஒரு நாள் குப்பை முழுவதையும் மைதானத்தில் படங்கு விரித்துக் கொட்டி, கையுறை போட்டு, அக்காவையும் கூட வைத்துக்கொண்டு குவியல் குவியலாகப் பிரித்தோம். பொலித்தீன்தான் மலைபோல வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது சருகு. வேம்பு, மா, வாகை, பூவரசு. மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் சருகுக் குவியலுக்குக் கிட்ட வரவில்லை. அதற்கடுத்தது கடதாசியும் மட்டையும். பிறகு சாப்பாட்டு மிச்சம். பிளாஸ்ரிக் பாரத்தில் கொஞ்சம்தான், ஆனால் பரப்பி வைத்தால் இடத்தை அடைத்தது: லஞ்ச் சீற், பிஸ்கற் உறை, யோகட் கோப்பை, தண்ணீர்ப் போத்தல், பேனைக் கோது.

அப்போது அக்கா சொன்ன ஒரு விஷயம் எல்லாவற்றையும் மாற்றியது. சருகு இல்லாவிட்டால் கிடங்கில் நெருப்பு பிடிக்காது என்றார். யோசித்துப் பார்த்தால் அப்படித்தான். லஞ்ச் சீற்றை யாரும் வேண்டுமென்று எரிக்கவில்லை. முற்றம் கூட்டினால் சருகு சேரும், சேர்ந்தால் எரிக்க வேண்டும், எரிக்கும்போது அதோடு கிடந்த பிளாஸ்ரிக்கும் சேர்ந்து எரிகிறது. குளோரின் உள்ள பீ.வீ.சீ. போன்றவை இப்படிக் குறைந்த வெப்பத்தில் புகைந்து எரியும்போதுதான் டயொக்சின் என்ற நச்சுப்பொருள் உண்டாகிறது. நாங்கள் பிளாஸ்ரிக்கைத் துரத்திக்கொண்டிருந்தோம். நெருப்பின் வேர் வேப்பஞ்சருகில் இருந்தது.

இது எங்கள் ஊருக்குத் தெரியாத சங்கதியும் இல்லை. புகையிலைத் தோட்டத்துக்கு வண்டியில் பசளைக்கான இலைகுழை ஏற்றிவந்து மண்ணில் தாழ்த்திய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்தான் எங்கள் மாணவர்கள். காசு கொடுத்துக் குழை வாங்கிய மண்ணில் நாங்கள் இலையைக் கொளுத்திக்கொண்டிருந்தோம்.

எருக்கூடும் கார்த்திகை வெள்ளமும்

பனைமட்டையால் அடைத்து மூன்று கூடு கட்டினோம். நிலத்துக்கு மேலே, கிணற்றுக்கு எதிர்ப்பக்க மூலையில். கிடங்கு வெட்டி எருப்போடலாம் என்று சிலர் சொன்னார்கள். அதற்கு நான் சம்மதிக்கவில்லை. எருக்கிடங்கில் வடியும் நீரும் அதே கல்லுக்குள்தான் இறங்கும், அதிலும் நைத்திரேற்று இருக்கும்.

காய்ந்த சருகில் காபன் அதிகம், நைதரசன் குறைவு. தனியாகக் குவித்தால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். காபன் 25 முதல் 30 பங்குக்கு நைதரசன் 1 பங்கு என்ற அளவுக்குக் கொண்டுவந்தால் உக்கல் வேகமாகும். அதற்காக மாட்டெருவும், பச்சைப் புல்லும், கன்ரீன் மரக்கறித் தோலும் இடையிடையே போட்டோம். மாவிலை தடிப்பானது, முழுதாகப் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டிப் பாய்போலப் படுத்துவிடும். மிதித்து நொறுக்கிப் போட வேண்டும். பிடித்துப் பிழிந்தால் ஓரிரு துளி மட்டும் வரும் ஈரம் போதும். உள்ளே சூடு 55 பாகை செல்சியசுக்கு மேல் போக வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு இரும்புக் கம்பியைக் குத்தி வைத்தோம். இழுத்துத் தொட்டவர்கள் கையை உதறினார்கள். பாடப்புத்தகத்தில் உள்ள நுண்ணங்கி அன்றைக்குத்தான் அவர்களுக்கு உண்மையானது.

ஆவணி, புரட்டாதியில் எல்லாம் நன்றாக நடந்தது. ஒவ்வொரு வெள்ளியும் ஒரு விளையாட்டு இல்லத்துப் பிள்ளைகள் புரட்டிப் போடுவார்கள். சருகு கூட்டுக்குள் போனதும், அக்கா சொன்னபடியே கிடங்கில் நெருப்பு நின்றது.

அப்புறம் 2024 நவம்பர் கடைசியில் அந்த வெள்ளம். உயர்தரப் பரீட்சையையே இடைநிறுத்திய மழை. எங்கள் கூடுகள் முழங்காலளவு தண்ணீரில் நின்றன. காற்றுப் போகாத குவியல் அழுகி நாறத் தொடங்கியது. தண்ணீர் வற்றிய கையோடு டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போயின. பெற்றோர் பயந்தார்கள். பாடசாலைக்குள் சாப்பாட்டுக் கழிவைக் குவித்து வைத்து எலியை வளர்க்கிறீர்களா என்று நேரடியாகவே கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. சோற்றுப் பருக்கையும் மீன்முள்ளும் களவாகக் கூட்டுக்குள் போய்க்கொண்டிருந்ததை நாங்கள் கவனிக்காமல் விட்டிருந்தோம். கிடங்கைத் திரும்பத் திறப்போம் என்று ஆசிரியர் கூட்டத்தில் ஒருவர் சொன்னபோது பலர் தலையாட்டினார்கள். அந்த நாளை நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

சாப்பாட்டு மிச்சத்தை எருக்கூட்டிலிருந்து முற்றாக எடுத்ததால்தான் தப்பினோம். மூடியுள்ள இரண்டு வாளியில் அது சேரும். மாடும் கோழியும் வளர்க்கும் பெற்றோர் ஒருவர் இரண்டு மணிக்கு வந்து எடுத்துக்கொண்டு போவார். வீட்டில் கழுநீர் வாளி வைக்கும் பழக்கத்தின் நீட்சிதான் இது. கூட்டை ஒன்றரை அடி உயரத்துக்குக் கல்லடுக்கிய மேடைக்கு மாற்றி, தகரக்கூரை போட்டோம். ஐப்பசியிலிருந்து தை வரை புதிய சருகைக் கூட்டுக்குள் போடாமல் உரப்பைகளில் காயக் கட்டி வைக்கிறோம். டெங்குக் காலமும் அதுதான் என்பதால் தேங்கிய தண்ணீரைப் பார்க்கப் பொது சுகாதாரப் பரிசோதகர் வருவார். இப்போது கூட்டையும் அவருக்கே காட்டிவிடுகிறோம்.

வாசலில் நிறுத்தியது

லஞ்ச் சீற் தடைசெய்யப்பட்ட பொருள், ஆனால் கடையில் கிடைக்கிறது. ‘உக்கும்’ என்று அச்சடித்தும் வருகிறது. அப்படி ஒன்றை எருக்கூட்டில் புதைத்துப் பார்த்தோம். மாவிலைகூட மண்ணாகிய பிறகும் அந்தச் சீற் எழுத்து மாறாமல் வந்தது. அதைக் கழுவி விஞ்ஞானகூடச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

நாளுக்கு 200 பிள்ளை லஞ்ச் சீற்றில் கொண்டுவந்தால், வருடத்தில் 200 பாடசாலை நாள் என்று வைத்தாலும் 40,000 சீற். கணக்கு வலுவாகத்தான் இருந்தது. அதைக் காட்டி, மாணவத்தலைவர்களை வாசலில் நிறுத்தினோம். மூன்றாம் நாள் ஒரு தரம் 7 பிள்ளை பார்சலைப் பையின் அடியில் ஒளித்துவைத்து, மதியம் சாப்பிடாமலே வீடு போனது. அம்மா விடியப்புறம் மீன் கம்பெனி வேலைக்குப் போகிறவர், சாப்பாடு சந்திக் கடையில் எடுப்பது. அந்தப் பிள்ளையின் பட்டினிக்கு நான்தான் பொறுப்பு. அன்றைக்கே வாசல் சோதனையை எடுத்துவிட்டேன்.

அதன் பிறகு செய்தது வேறு. சந்திக் கடைக்காரரிடம் போய்ப் பேசினோம். பிள்ளைகள் முதல்நாள் பெயர் எழுதிய பெட்டியைக் கொடுத்தால் காலையில் அதிலேயே கட்டித்தர அவர் ஒத்துக்கொண்டார். பெட்டி இல்லாதவர்களுக்குப் பழைய மாணவர்கள் வாங்கித் தந்தார்கள், யாருக்கு என்று வகுப்பாசிரியருக்கு மட்டும்தான் தெரியும். லஞ்ச் சீற் முற்றாக ஒழியவில்லை. படங்கில் இரண்டாம் முறை கொட்டிப் பார்த்தபோது குவியல் கண்ணுக்குத் தெரியச் சிறுத்திருந்தது.

கன்ரீனில் வடையையும் ரோல்ஸையும் பழைய கொப்பித் தாளிலும் பத்திரிகையிலும் சுற்றிக் கொடுப்பது வழக்கம். எண்ணெயோடு அச்சுமையும் பிள்ளையின் வயிற்றுக்குள் போகும். தட்டும் இடுக்கியும் வைக்கச் சொன்னோம், கழுவ ஆளில்லை என்றார்கள். வருடாந்தக் கன்ரீன் ஒப்பந்தத்தில் அதை ஒரு வரியாக எழுதிய பிறகு கழுவ ஆள் வந்தது. இந்த ஒரு வரிக்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பேன். திருநெல்வேலியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் எங்கள் பழைய மாணவி ஒருத்தியும் இதையே சொன்னாள்: மாணவர் நாலு வருடத்தில் போய்விடுவார்கள், சங்கத்தின் உற்சாகமும் அவர்களோடு போய்விடும், கன்ரீனும் விடுதியும் அங்கேயே இருக்கும். ஆகவே எழுத வேண்டியது ஒப்பந்தத்தில். இல்ல மெய்வல்லுநர் போட்டியிலும் இதுவே நடந்தது. ரெஜிபோமும் பொலித்தீனும் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லிக் களைத்திருந்தோம். 2025 இல் இல்ல அலங்காரப் புள்ளித்திட்டத்திலேயே அவற்றுக்குப் புள்ளி குறைப்பு என்று போட்டதும் நான்கு இல்லமும் பனையோலை, வாழை, சணல் என்று மாறிவிட்டன. தோரணம் பின்னத் தெரிந்த அம்மம்மாமார் மைதானத்துக்கு வந்து பிள்ளைகளுக்குப் பழக்கினார்கள்.

அக்காவின் காசு

கடதாசி, மட்டை, போத்தல், இரும்பு நான்கையும் பழைய சாமான் வாங்குபவர் எடுப்பார். மாதம் ஒருமுறை வரச்சொல்லி, காசைச் சுற்றாடல் குழுவின் கணக்கில் போட்டோம். அறிக்கையில் அழகாக இருந்தது. இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அதுவரை போத்தலையும் மட்டையையும் பொறுக்கி விற்று அக்கா தன் பிள்ளையின் ரியூசன் காசைக் கட்டி வந்திருக்கிறார். எங்கள் திட்டம் அதைப் பிடுங்கிவிட்டது. அவர் ஒரு சொல் சொல்லவில்லை. அதிபரிடம் பேசி, விற்கும் காசு முழுவதும் அக்காவுக்கு என்று முடிவெடுத்தோம். அதன் பிறகு எந்த வகுப்பு ஈரக் கடதாசியைப் போடுகிறது, எந்த வகுப்பு போத்தலை நசுக்காமல் போடுகிறது என்று அவரே வந்து சொல்கிறார். பாடசாலைகளில் மீள்சுழற்சி தொடங்குபவர்கள் முதலில் இதை விசாரியுங்கள்: இந்தக் குப்பையில் இப்போது யார் சீவிக்கிறார்கள்?

கடதாசி விஷயத்தில் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே ஒரு பழக்கம் இருந்தது. 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளைப் பிற்போட்ட காலத்தில் படித்தவர்கள் இவர்கள். கொப்பியின் கடைசிப் பக்கம் வரை எழுதுவார்கள். வருட முடிவில் மிஞ்சும் வெற்றுத் தாள்களைக் கிழித்துக் கட்டி, கணக்குச் செய்துபார்க்கும் கொப்பியாக்குகிறோம். சேர்த்த கடதாசியை நிலத்தில் வைத்தால் கறையான் தின்றுவிடும், பலகைமேல் வைக்க வேண்டும்.

யோகட் கோப்பை, பிஸ்கற் உறை, சொக்லட் தாள் ஆகியவற்றை யாரும் வாங்குவதில்லை. அவை பிரதேச சபை உழவு இயந்திரத்தில் போகின்றன. அங்கிருந்து போவதும் ஒரு மேட்டுக்குத்தான். யாழ்ப்பாணம் மாநகரக் குப்பை கொட்டப்படும் கல்லுண்டாய் வெளியைக் காரைநகர் போகும் வழியில் எல்லோரும் பார்த்திருக்கிறோம், அங்கே தீப்பிடிக்கும் நாட்களின் புகையையும்தான். ஆகையால் இந்த வகையில் எங்களுக்கு வெற்றி என்று சொல்ல ஒன்றும் இல்லை.

இரசாயனகூடத்தில் ஈயம், குரோமியம் கொண்ட உப்புக்கரைசல்களைத் தொட்டியில் ஊற்றாமல் பெயரிட்ட போத்தலில் சேர்க்கிறோம். தொட்டியின் தண்ணீர் உறிஞ்சுகுழிக்குப் போகிறது, அதற்குக் கீழே கல். எரிந்துபோன மின்குழாய் விளக்குகளில் பாதரசம் உண்டு, அவற்றை உடைக்காமல் பெட்டியில் வைக்கிறோம்.

பேசாமல் விட்ட வாளி

படங்கில் கொட்டிய அன்று ஒரு வகைக் குப்பை வரவில்லை. பெண்பிள்ளைகளின் மலசலகூடத்துக் குப்பை. அதை அக்கா தனியாக, விடியற்காலையில், யாரும் பார்க்காமல் எரித்து வந்தார். எங்கள் பட்டியலிலும் அது இருக்கவில்லை. ஒரு ரீச்சரும் உயர்தர மாணவிகள் சிலரும் அதிபரிடம் போய்ச் சொன்ன பிறகுதான் பேச்சு வந்தது. அடைத்துக்கொண்ட குழாய்களுக்கும், நாய் இழுத்துப் போட்டதற்கும், சில பிள்ளைகள் மாதத்தில் இரண்டு நாள் வராமல் நிற்பதற்கும் காரணம் அங்கேதான் இருந்தது.

காலால் மிதித்துத் திறக்கும் மூடி வாளி, சுற்றிப் போடப் பழைய பத்திரிகைத் துண்டுகள், அக்காவுக்குத் தடித்த கையுறை, கதவுக்குச் சரியான கொளுக்கி. இவ்வளவையும் ஒரு வாரத்தில் செய்ய முடிந்தது. ஏன் இத்தனை வருடம் செய்யவில்லை என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஆனால் வாளிக்குப் பிறகு எங்கே என்ற அக்காவின் பழைய கேள்வி இங்கே இன்னும் நிற்கிறது. நப்கினில் பெரும்பகுதி பிளாஸ்ரிக், உக்காது. சிறிய எரியூட்டி வாங்கலாம் என்றார்கள். போதிய வெப்பம் வராத எரியூட்டி அந்தக் கிடங்கு செய்ததையே புகைபோக்கி வைத்துச் செய்யும். இப்போதைக்கு இரட்டைப் பையில் கட்டி மிச்சக் குப்பையோடு கொடுக்கிறோம். உழவு இயந்திரத்தில் நிற்கும் தொழிலாளி அதை வெறுங்கையால் தூக்குகிறார்.

கிடங்கின் சாம்பலை அள்ளி எங்கே கொண்டுபோவது என்று தெரியாததால் அதன்மேலேயே செம்மண் நிரப்பினோம். முருங்கை வைப்போம் என்று பிள்ளைகள் கேட்டார்கள். அந்தச் சாம்பலின் மேல் தின்கிற மரம் வேண்டாம் என்று பூவரசு நட்டோம். தரம் 6 யன்னல்கள் சாத்தப்படுவதில்லை.

எனக்கு இடமாற்றக் கடிதம் வந்துவிட்டது. அடுத்து வரும் ஆசிரியருக்காக ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் எழுதி அக்காவிடம் கொடுத்திருக்கிறேன்: பழைய சாமான் வாங்குபவர் வரும் நாள், கூடு புரட்டும் முறை, ஒப்பந்தத்தின் அந்த வரி, சாப்பாட்டு வாளி எடுக்கும் பெற்றோர் வராத நாளில் யாரைக் கூப்பிடுவது. கடைசிப் பக்கத்தில் பெண்பிள்ளைகளின் வாளி என்று தலைப்பிட்டிருக்கிறேன். அதன் கீழே பிரதேச சபைக்கு நாங்கள் எழுதிய கடிதத்தின் திகதி மட்டும் இருக்கிறது.